நுகம் இறங்கும் இரவு

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களின் பேச்சில் ‘வண்டி கட்டுதல்’ என்பது பயணம் புறப்படுதலையும், ‘வண்டியை அவிழ்த்துப் போடுதல்’ என்பது ஓரிடத்தில் தங்குதலையும் குறித்து வந்தன. மாட்டு வண்டியில் ஊர்விட்டு ஊர் சென்ற மக்கள், இரவை எங்கே கழிப்பது என்பதை, வண்டியை எங்கே அவிழ்ப்பது என்ற கேள்வியாகவே கேட்டுக்கொண்டனர். இழுக்கும் விலங்கையும் இழுபடும் வண்டியையும் பிரித்தாலன்றி அது தங்கலாகாது என்னும் தெளிவு இந்தச் சொல்வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. வண்டியில் ஊர் செல்லும் பழக்கம் அருகிவிட்டபோதிலும், இழுப்பதும் இழுபடுவதும் இரவு முழுவதும் பூட்டியபடியே நிற்கலாமா என்ற கேள்வி அருகிவிடவில்லை. டிராக்டரும் டிரெய்லரும் சாலையோரங்களில் விடிய விடிய நிற்கும் இந்தக் காலத்தில் அது இன்னும் கூர்மையாகவே எழுகிறது.

மேலை நாடுகளில் இக்கேள்வி வேறொரு வடிவில் கேட்கப்படுகிறது. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைந்த சிறிய சக்கர வீடு ஒன்றைக் காரின் பின்புறக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு சுற்றுலா செல்வது அங்கே பெருவழக்கு. ‘கேரவன்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர்க்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் பேருந்து நினைவுக்கு வருமேனும், அச்சொல் இவ்வகை இழுவை வீட்டுக்கும் உரியதுதான். ஓரிரவு மட்டும் தங்கிவிட்டு விடியலில் புறப்பட இருப்பவர், காரைக் கழற்றித் தனியே நிறுத்த வேண்டுமா, மாட்டியபடியே விட்டுவிட்டுத் தூங்கலாமா என்பதே அவர்களுடைய கேள்வி. அந்த வீட்டுக்கு நிகராக மதுரைச் சமவெளியில் இருந்தது கூட்டு வண்டி.

கூட்டு வண்டி என்பது, பாரம் ஏற்றும் திறந்த மொட்டை வண்டியின் மேல் மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்துக் கட்டி, பனையோலைப் பாயோ கோரைப்பாயோ வேய்ந்து கூரையாக்கிய இரு சக்கர வண்டியாகும். உள்ளே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரித்தால் படுக்கை ஆயிற்று; அடியில் அச்சுக்குக் கீழே தொங்கும் சாக்குத் தூளியில் மாட்டுக்கு வேண்டிய தீனியும், பின்புறத்தில் அடுப்பெரிக்கும் விறகும் சமையல் பாத்திரங்களும் இடம்பெற்றன. பெண்களும் குழந்தைகளும் வண்டிக்குள்ளும் ஆண்கள் வண்டிக்கடியிலும் படுத்துறங்க, ஒரு குடும்பம் பல நாள் வாழ்வதற்குப் போதுமான வீடாக அது அமைந்தது.

இரண்டே சக்கரங்களில் நிற்கும் எந்த ஊர்தியும் துலாக்கோலைப் போன்றது. அச்சுக்கு முன்னால் சுமை கூடினால் அதை ‘முன்பாரம்’ என்றும், பின்னால் கூடினால் ‘பின்பாரம்’ என்றும் வண்டிக்காரர்கள் வழங்கினர். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி, அதாவது இரு மாடுகளின் கழுத்துக்குக் குறுக்கே கிடக்கும் மரம், திமிலுக்கு முன்னுள்ள சதையை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தாலோ நுகத்தடி மேலெழும்பி, மாட்டின் கழுத்தைச் சுற்றி நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆதலால் மூட்டைகளை அடுக்கியபின் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, சற்றே முன்பாரம் இருக்குமாறு சுமையைத் தள்ளி வைப்பது அனுபவமுள்ள வண்டிக்காரரின் முதல் வேலையாக இருந்தது. கார் இழுக்கும் சக்கர வீட்டுக்கும் இதே கணக்குத்தான். அதன் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொக்கிமேல் இறங்க வேண்டும் என்று அமெரிக்காவிலும், 5 முதல் 7 பங்கு வரை போதும் என்று பிரிட்டனிலும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. முன்பாரம் போதாமல் பின்பாரம் கூடிய வீடு, வேகமெடுக்கும்போது வாலாட்டுவதுபோல் இருபுறமும் அலைந்து காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடும். எண்ணாகச் சொல்லப்படும் இந்த அளவை மதுரை வண்டிக்காரர் கையின் உணர்வாக வைத்திருந்தார் என்பதே வேறுபாடு.

முன்பாரம் எதன்மேல் இறங்குகிறது என்பதைக் கொண்டே இரவில் பூட்டை அவிழ்ப்பதா வேண்டாவா என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். காரின் கொக்கி இரும்பால் ஆனது, மாட்டின் கழுத்தோ உயிருள்ள உடம்பின் பகுதி. மாடு அவசரமாக விழுங்கிய தீனியை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கும் அசைபோடுதலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் தேவைப்படுகிறது; அதில் பெரும்பகுதி, இரவு நேரத்தில் மாடு படுத்திருக்கையில் நடக்கிறது. நுகத்தில் பூட்டிய மாடு படுக்க முடியாது, தன் விருப்பப்படி தலையைத் திருப்பவோ ஈ கடித்த இடத்தை நக்கவோ முடியாது. ஓரிரவு அவ்வாறு நின்ற மாடு மறுநாள் தீனியின் பயனைப் பெறாமல் தளர்ந்த உடம்போடுதான் நடக்கும். இரக்கம் ஒருபுறமிருக்க, மறுநாள் பயணத்துக்கும் கேடு என்பதால் மாட்டைப் பூட்டியபடி விட்டுத் தூங்கியவனை ஊர் மன்னிப்பதில்லை. இவ்வழக்கத்தை இந்தியச் சட்டமும் எழுதி வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965-இல் இயற்றப்பட்ட இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகள், ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, இடைவேளையின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ விலங்கை வேலை வாங்கக் கூடாது என்றும், வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் பகல் 12 மணிமுதல் 3 மணிவரை வேலை வாங்கவே கூடாது என்றும் கூறுகின்றன. அவற்றோடு, வண்டி இழுக்கும் வேலை முடிந்தபின் விலங்கைப் பூட்டிலேயே வைத்திருக்கக் கூடாது என்பதும் அங்கே தனி விதியாகவே இடம்பெற்றிருக்கிறது. கோடையில் மதுரையின் வெயில் 37 டிகிரியைத் தாண்டுவது இயல்பு என்பதால், அந்த நண்பகல் விதி இந்த மண்ணுக்கென்றே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது.

அவிழ்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் இடம் பார்க்கப்படும்: மேடு பள்ளமில்லாததும், மழை பெய்தால் தண்ணீர் தேங்காததும், கிணறோ ஊருணியோ அருகில் உள்ளதுமான தரை வேண்டும். வண்டி நின்றவுடன் இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல்லோ முட்டுக்கட்டையோ வைக்கப்படும். மாடுகளை அவிழ்த்த பின்னர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் பிடிக்கும் உயிர் ஏதும் இல்லை என்பதால், அவிழ்ப்பதற்கு முன்னரே இது நடந்தாக வேண்டும். அடுத்து, வண்டியிலிருந்து முன்னோக்கி நீளும் மரத்தின் நுனியாகிய மூக்கணைக்குக் கீழே ஒரு முட்டுக்கால் ஊன்றப்பட்டு, முன்பாரம் முழுவதும் மாட்டின் கழுத்திலிருந்து அக்காலுக்கு மாற்றப்படும். அதன் பின்னரே பூட்டாங்கயிறு கழற்றப்பட்டு மாடுகள் வெளியே வரும். ஆள் உள்ளே ஏறிப் பின்பக்கம் நகர்ந்தால் வண்டி வான்நோக்கிச் சாய்ந்துவிடுமாதலால், படுத்துறங்கும் வண்டிக்குப் பின்புறத்திலும் ஒரு முட்டு தேவைப்பட்டது. இழுவை வீடுகளின் நான்கு மூலைகளிலும் திருகி இறக்கப்படும் இரும்புக் கால்களும், முன்மூக்கைத் தாங்கும் சிறு சக்கரக் காலும் செய்வது இதே வேலையைத்தான். முதலில் சக்கரத்துக்கு அடை, பிறகு மூக்குக்கு முட்டு, அதன் பின்னரே கழற்றல் என்னும் வரிசையை இன்றைய கையேடுகளும் மாறாமல் சொல்கின்றன.

வெளியே வந்த மாடுகளுக்கு முதலில் தண்ணீர் காட்டி, உடம்பைத் தேய்த்துவிட்டு, ஊறவைத்து அரைத்த பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ கிடைத்தால் வைத்து, சோளத்தட்டையையோ வைக்கோலையோ முன்னே போட்டு, வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலிலேயே தும்பைக் கட்டுவார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பூட்டு அவிழ்ந்தாலும் கட்டு அவிழ்வதில்லை. மாடு படுக்கவும் எழவும் போதுமான தளர்ந்த கயிற்றில், தன் வண்டியை விட்டுப் போகாமலும், அதே வண்டிக்கடியில் படுத்திருக்கும் மனிதனின் காதுக்கு எட்டிய தொலைவிலும் அது இருக்கும். கழுத்துமணியின் ஓசை சீராகக் கேட்கும் வரை தூக்கம் கலையாது. அந்த ஓசை திடீரென நின்றாலோ தாறுமாறானாலோ வண்டிக்காரர் விழித்துக்கொள்வார். வண்டியைக் கழற்றினால் திருட்டுக்கு அஞ்ச வேண்டும் என்பதால் பூட்டியபடியே விடுவதாகச் சொல்லும் இன்றைய பயணிக்கு, கழற்றியும் காவல் காக்கும் இந்த ஏற்பாடு சிந்திக்கத் தக்கது.

இத்தகைய தங்கல் பெருந்திரளாக நிகழ்ந்த இடம் வைகை ஆறு. சித்திரை முழுநிலவு நாளில் அழகர்கோவில் கள்ளழகர் மதுரைக்கு வந்து குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குவதைக் காணச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் கூட்டு வண்டிகளில் குடும்பத்தோடு வந்து ஆற்று மணலிலும் கரைத் தோப்புகளிலும் நாட்கணக்கில் தங்கினர். முன்பு மாசி மாதத்தில் நடந்த மீனாட்சியம்மன் தேரோட்டத்தையும் திருக்கல்யாணத்தையும், தேனூரில் ஆற்றிலிறங்கிவந்த அழகரின் விழாவையும் சித்திரையில் ஒன்றாக இணைத்தவர் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் என்பது மரபாக வழங்கிவரும் செய்தி. அறுவடை முடிந்து நிலத்தில் வேலையின்றி மாடுகள் ஓய்ந்திருக்கும் பருவம் சித்திரையாதலால், ஊரே வண்டி கட்டிக்கொண்டு புறப்படுவதற்கு அம்மாதம் மிகப் பொருந்தியது. கோடையில் வறண்டு கிடக்கும் ஆற்று மணல், முட்டுக்கால் ஊன்றவும் மாடு படுக்கவும் மெத்தென்று இருந்தது. மணலில் கையால் ஊற்றுத் தோண்டினால் தண்ணீரும் கிடைத்தது. வானத்தில் முழுநிலவு இருந்ததால் விளக்கின் தேவையும் குறைந்தது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து விழாவுக்கென்று தண்ணீர் திறந்துவிடப்படும் இந்நாளில் ஆற்றின் நடுவே அவ்வாறு தங்க நினைப்பதற்கே இடமில்லை.

வழியில் தங்குவோருக்கென அமைந்த இடங்கள் மதுரை வரலாற்றில் தனி இயலாக எழுதத் தக்கவை. 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை நடத்திய இராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் அவர் பெயரால் பேசப்படுகின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. மனிதருக்குச் சத்திரம் போலவே மாட்டுக்கும் ஏற்பாடுகள் இருந்தன: தண்ணீர்த் தொட்டி, நிழல்மரம், கழுத்தையும் விலாவையும் உரசிக்கொள்ள நட்டுவைத்த ‘ஆவுரிஞ்சி’ என்னும் கல் ஆகியவை அறச்செயல்களாகவே கருதப்பட்டன. நாள் முழுவதும் நுகம் அழுத்திய கழுத்துக்கு அவிழ்த்தவுடன் வேண்டியது உரசல் என்பதைக் கவனித்து, அதற்கென்று ஒரு கல்லை நட்டவர்களின் மனம் வியப்புக்குரியது. நகரின் வடகிழக்கில் உள்ள மாட்டுத்தாவணியின் பெயரும் இவ்வகையில் வந்ததே. ‘தாமணி’ அல்லது ‘தாவணி’ என்பது வரிசையாக மாடுகளைக் கட்டுவதற்குப் பல கண்ணிகளோடு நீளமாக இழுத்துக் கட்டப்படும் கயிறு. அக்கயிறுகள் விரிந்து கிடந்த மாட்டுச் சந்தைத் திடலுக்கும் அதுவே பெயராயிற்று. அவிழ்க்கப்பட்ட மாடுகள் இரவெல்லாம் படுத்து அசைபோட்ட அத்திடலின் பெயரைத்தான் இன்று தென்மாவட்டப் பேருந்துகள் தங்கள் நெற்றிப் பலகையில் தாங்கி வருகின்றன.

வெயிலுக்கு அஞ்சி இரவில் நடந்து பகலில் தங்கிய பயணங்களும் ஏராளம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்த பின்னர், கொடைக்கானல் செல்வோர் இன்று கொடைரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டரை மாட்டு வண்டியில் படுத்தபடியே ஓரிரவில் கடந்தனர். சில மைல்களுக்கு ஒருமுறை களைத்த மாடுகள் அவிழ்க்கப்பட்டுப் புதிய மாடுகள் பூட்டப்பட்டன. வண்டிக்குள் தூங்குகிறவர் அறியாமல் இழுவை மாறிக்கொண்டே இருந்தது. அவிழ்த்தல் என்னும் கடமை அங்கும் மீறப்படவில்லை. பயணிக்குத் தங்கல் இல்லாமற்போனபோதும் மாட்டுக்குத் தங்கல் இருந்தது.

இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்கென்றே செய்யப்பட்ட முதல் சக்கர வீடாகப் பெரிதும் போற்றப்படுவது, கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் எழுத்தாளர் 1885-இல் பிரிஸ்டல் நகரின் வண்டித் தொழிற்சாலையில் செய்வித்த ‘வாண்டரர்’. இரட்டைக் குதிரை பூட்டிய அந்த வீட்டில் அவர் ஸ்காட்லாந்து வரை சென்றார். அங்கும் குதிரைகளுக்கு இரவுதோறும் லாயம் தேட வேண்டியிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் காரும் இழுவை வீடும் இணைந்தபோதுதான், கழற்றாமலே தூங்கலாமே என்னும் எண்ணத்துக்கே இடம் பிறந்தது. இயந்திரத்துக்கு அசைபோடும் தேவையில்லை, கழுத்துப் புண்ணும் வருவதில்லை. சமதரையில் ஓரிரவு மட்டும் என்றால் மாட்டியபடி விடுவதில் பெருங்கேடு இல்லை. ஆனால் தரை சற்றுச் சாய்ந்திருந்தால், காரோடு பிணைந்த வீட்டைத் தனியே மட்டப்படுத்த முடியாது. உள்ளே ஒருவர் நடக்கும்போதெல்லாம் காரின் வில்தகடுகளும் கொக்கியும் அசைந்து முறுகும். வீட்டின் விளக்கும் குளிர்ப்பெட்டியும் இணைப்புக் கம்பி வழியாகக் காரின் பேட்டரியை உறிஞ்சி, விடியலில் கார் உயிர் பெறாமற் போகக் கூடும். எனவே மாட்டியபடி தூங்குவோரும் மின் இணைப்பை மட்டுமாவது பிடுங்கிவிட வேண்டும் என்பது அங்கே வழங்கும் அறிவுரை.

இப்போது மதுரைச் சமவெளிக்குத் திரும்பினால், கூட்டு வண்டியின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலை வாசலில் முறைக்குக் காத்திருக்கும் டிரெய்லர்களும், வைக்கோலும் செங்கலும் ஏற்றிச் செல்பவையும் இரவு முழுவதும் இழுவையோடு பிணைந்தபடியே நிற்கின்றன; ஓட்டுநர் சுமையின்மேலோ வண்டிக்கடியிலோ துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார். காரணம் புரிந்துகொள்ளத் தக்கதே. நான்கு சக்கர டிரெய்லர் தன் சுமையைத் தானே தாங்கும். இரு சக்கர டிரெய்லரோ கூட்டு வண்டியைப் போலவே தன் முன்பாரத்தை டிராக்டரின் பின்புறத்தில் இறக்குவது. அந்த அழுத்தத்தால் டிராக்டரின் பெரிய சக்கரங்களுக்கு மண்ணில் பிடிப்புக் கூடுவது பகலில் நன்மை. ஆனால் டன் கணக்கில் சுமையேற்றிய பின்னர் ஜாக்கியின்றி அதன் மூக்கைத் தூக்கிக் கழற்றுவது ஒருவரால் இயலாத செயல். வரிசை நகர்ந்தவுடன் நகர வேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. இந்நிலையில் கழற்றாமல் விடுவது தவறன்று. தவறு வேறிடத்தில் இருக்கிறது: அவிழ்த்தலோடு சேர்ந்து, அவிழ்ப்பதற்கு முன் செய்யப்பட்டவையும் கைவிடப்பட்டுவிட்டன. இடம் பார்க்கப்படுவதில்லை, சக்கரத்துக்குக் கல் வைக்கப்படுவதில்லை, விளக்கும் வைக்கப்படுவதில்லை.

இவற்றுள் உயிரைப் பறிப்பது கடைசிக் குறைதான். தார்ச்சாலையின் ஓரத்தில் பாதியும் சாலைமேல் பாதியுமாக, பின்விளக்கோ ஒளிதிருப்பும் பட்டையோ இன்றி இருட்டில் நிற்கும் டிரெய்லரின் பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிறவர், மோதும் கணம் வரை அதைக் காண்பதில்லை. எதிரே வரும் வாகனத்தின் முகப்பொளி கண்ணைக் கூசச் செய்யும்போது, சேறு படிந்த டிரெய்லரின் பின்பலகை இருளோடு இருளாகிவிடுகிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், வாகனத்தையோ டிரெய்லரையோ பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் வகையில் பொதுவிடத்தில் நிறுத்தி வைப்பதைத் தடுக்கிறது. ஓட்டுநர் இல்லாத நேரத்தில் வாகனம் தானாக நகர்ந்துவிடாதபடி இயந்திரத்தை நிறுத்தி பிரேக்கும் இட்டிருக்க வேண்டும் என்கிறது. 1989-ஆம் ஆண்டின் விதிகள் பின்புறத்தில் ஒளிதிருப்பிகளைக் கட்டாயமாக்குகின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்புப் பட்டை ஒட்டப்படாததால் ஒரு வீட்டின் பிள்ளை திரும்பி வராமற் போவது பொறுத்துக்கொள்ளக் கூடியதன்று. அரிக்கேன் விளக்கை வண்டியின் அச்சுக்குக் கீழே தொங்கவிட்டுத் தூங்கிய பாட்டனார், அந்த விளக்கைத் தமக்காக மட்டும் ஏற்றி வைக்கவில்லை. பின்னால் வருகிற வண்டிக்காரர் தம்மைக் கண்டு விலகிச் செல்வதற்காகவும் ஏற்றினார்.

பிரேக்கை மட்டும் நம்புவதும் போதாது. சிறு டிரெய்லர்கள் பலவற்றில் தனிப் பிரேக்கே இருப்பதில்லை. சரிவில் நிற்கும் முழுச் சுமையும் டிராக்டரின் பிரேக்கிலும், இரண்டையும் இணைக்கும் ஒற்றை இரும்புப் பின்னிலும் தொங்குகிறது. அந்தப் பின் கழன்றுவிடாமல் காக்கும் சிறு கொண்டி, வண்டிச் சக்கரத்தைக் காக்கும் கடையாணிக்கு நிகரானது. மாட்டியபடி நிறுத்த நேர்ந்தால், சமதரையில், சாலையை விட்டு முழுவதும் இறங்கி, டிராக்டரின் சக்கரத்துக்கு மட்டுமன்றி டிரெய்லரின் சக்கரத்துக்கும் சரிவுப்பக்கம் கல் வைத்து, கொண்டியைக் கையால் தொட்டுப் பார்த்து, சுமைக்கு நேர் கீழே படுக்காமல் சற்றுத் தள்ளிப் படுப்பது வேண்டும். கூட்டு வண்டிக்கடியில் படுத்தவருக்கு மேலே இருந்தது பாயும் வைக்கோலும் உறவினரும். டிரெய்லருக்கடியில் படுப்பவருக்கு மேலே இருப்பது பல டன் கரும்பு. பழைய பழக்கத்தை அப்படியே பின்பற்றக் கூடாத இடம் இதுதான்.

அழகர்கோவிலின் ஆடித் தேரோட்டத்துக்கும், பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட நேர்த்திக்கடன்களுக்கும் வண்டி கட்டி வரும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் முற்றும் மறையவில்லை. மலையடிவாரத்துப் புளிய மரங்களுக்குக் கீழே இரவில் வண்டிகள் மூக்கணையை முட்டுக்காலில் சாய்த்து நிற்க, பக்கத்தில் மாடுகள் கால் மடித்துப் படுத்திருக்கும். விடியும் முன் அச்சுக்கு மை இட்டு, கடையாணியைத் தட்டிப் பார்த்து, வண்டிக்காரர் நுகத்தடியைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நாவால் ஒரு சத்தம் எழுப்புகிறார். இரவெல்லாம் அசைபோட்டு உடம்பு தேறிய மாடுகள் எழுந்து, சாணமிட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தாமாகவே நடந்து வந்து நுகத்துக்குக் கீழே கழுத்தை நீட்டுகின்றன.